பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு முகவரி

போன மாதம் சித்தி போனில் கேட்டார்: “கண்ணு, லேபிள்ல எந்த அட்ரஸ் போடுறது?”

தருமபுரி மாவட்டத்தில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த 11 பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுவில் சித்தியும் ஒருவர். ராகி மாவு, சாமை முறுக்கு, சத்துமாவு என மூன்று பொருட்கள் செய்கிறார்கள். இரண்டு வருடமாகத் திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வரும் கூட்டத்தை நம்பித்தான் வியாபாரம். இப்போது நகரத்தில் இயற்கை அங்காடி வைத்திருக்கும் ஒருவர் முறுக்கைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாதம் 100 பாக்கெட் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். முறையாக லேபிள் ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார். மாதிரி லேபிளை எடுத்துப் போனபோது அதைத் திருப்பிப் பார்த்தார். தயாரிப்பாளர் முகவரி என்ற இடத்தில் ‘அம்பேத்கர் காலனி’ என்று இருந்தது.

“சரக்கு நல்லாருக்கும்மா. நான் ஒண்ணும் நெனைக்கல. வாங்குறவங்க நெனைப்பாங்க. டவுன்ல தெரிஞ்சவங்க வீட்டு அட்ரஸ் ஏதாச்சும் போட்டுக் கொண்டாந்துருங்க.”

இதைச் சொல்லும்போது சித்தியின் குரலில் கோபம் இல்லை. சட்டப்படி வேறு முகவரி போடலாமா, போட்டால் பதிவு ரத்தாகுமா என்று கேட்கத்தான் அழைத்திருந்தார். பொட்டலமிட்ட உணவுப் பொருளில் தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும் உண்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சொன்னேன். போனை வைத்த பிறகும் கேள்வி என்னை விடவில்லை. சிறுதானியம் பற்றி இன்று தமிழ்நாட்டில் நடக்கும் அத்தனை பேச்சுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி, அந்த முகவரியில்தான் இருக்கிறது என்று தோன்றியது.

கொட்டாங்கச்சியில் ஊற்றிய கூழ்

‘நம் முன்னோர் உணவு’ என்று எல்லாச் சிறுதானியப் பாக்கெட்டிலும் எழுதியிருக்கிறார்கள். யாருடைய முன்னோர் என்று நாம் கேட்டாக வேண்டும்.

என் ஆயா கேவுரு தின்று வளர்ந்தவர். அது அவர் தேர்ந்தெடுத்த உணவு கிடையாது. களை பறிக்கவும் அறுக்கவும் போன வீடுகளில் கூலி கேவுராகத்தான் வந்தது. மத்தியானம் காட்டிலேயே கூழ் ஊற்றுவார்கள். ஆயாவுக்கென்று ஒரு கொட்டாங்கச்சி உண்டு. அது பண்ணையார் வீட்டு மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். அவரே எடுத்து, அவரே கழுவி, குனிந்து ஏந்த வேண்டும். கரண்டி மேலே படாமல் தூக்கி ஊற்றுவார்கள். கூழ் சிந்தினால் திட்டு ஊற்றியவருக்கு விழாது, ஏந்தியவருக்குத்தான் விழும். இதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஆயா, கையை எந்த உயரத்தில் வைத்திருந்தார் என்று காட்டுவார்.

மானாவாரிப் புஞ்சை பூமியான எங்கள் பக்கத்தில் ஊரிலும் களிதான், சேரியிலும் களிதான். அதனால் ‘எல்லாரும் ஒண்ணுதான் சாப்பிட்டோம்’ என்று சொல்பவர்கள் உண்டு. தானியம் ஒன்றாக இருந்தது உண்மை. குதிர் அவர்கள் வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு வந்த படிதான் இருந்தது. அவர்கள் கலயத்தில் குடித்தார்கள், நாங்கள் கொட்டாங்கச்சியில் குடித்தோம். காவிரிப் படுகையில் நிலைமை இன்னும் வெளிப்படை. வயலில் இறங்கி நெல்லை விளைவித்த தலித் மக்கள், கூலியாக ஒரு அரைப்படி நெல்லைக் கூட்டிக் கேட்பதற்கே சங்கம் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கூலிப் போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

உணவில் தீண்டாமை இரண்டு பக்கமும் வெட்டும். கீழானது என்று ஒதுக்கியதைத் தின்ன வைப்பது ஒரு பக்கம். மேலானது என்று வைத்ததைத் தின்றால் அடிப்பது மறுபக்கம். ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் அண்ணல் அம்பேத்கர், ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் 1936 ஏப்ரலில் நடந்ததைக் குறிப்பிடுகிறார். யாத்திரை போய்வந்த ஒரு தலித் தன் சொந்தக் காசில் தன் மக்களுக்கு விருந்து வைத்தார். அதில் நெய் பரிமாறினார். சாதி இந்துக்கள் நூற்றுக்கணக்கில் தடிகளோடு வந்து உணவைப் பாழாக்கி, உண்டவர்களை அடித்து விரட்டினார்கள். நெய் அவர்களுடைய அந்தஸ்தின் அடையாளமாம்.

யார் எதை உண்ணலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், ‘பாரம்பரிய உணவு’ என்ற சொல்லை நாம் அவ்வளவு எளிதாக விழுங்க முடியாது.

அரிசி எங்களுக்கு வந்த கதை

என் அம்மா பள்ளிக்குக் களி எடுத்துப் போனதில்லை. அவமானம் என்று பட்டினியாகவே இருந்துவிடுவாராம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வீட்டில் அரிசிச் சோறு. மற்ற நாட்களில் களிக்குள் ஒரு பிடி நொய் போட்டால் அதுவே பெரிய விஷயம்.

அந்த நிலையை மாற்றியது ரேஷன் கடை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அரசியலையே புரட்டிப் போட்டது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படிதான் கொடுக்க முடிந்தது என்றாலும், வயிற்றுச் சோறு அரசின் பொறுப்பு என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு மாதம் 20 கிலோ விலையில்லாமல். அதன் பிறகு அடுப்பு எரிவதற்காகப் பண்ணையார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய கட்டாயம் எங்கள் வீட்டுக்கு இல்லாமல் போனது. காலையில் வேலைக்குக் கூப்பிட்டால், கூலி என்ன என்று அம்மா திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது அந்த 20 கிலோ அரிசி.

‘ஓசி அரிசி தின்னு சோம்பேறியாயிட்டானுங்க, வேலைக்கு ஆள் கெடைக்கல’ என்று புலம்புகிறவர்கள் இழந்தது எதை என்று இப்போது புரியும். அதே வாய்கள் சில காலமாக இன்னொன்றும் சொல்கின்றன: ‘அந்தக் காலத்துல கம்பும் கேழ்வரகும் தின்னு எப்படித் திடமா இருந்தாங்க, இப்ப அரிசியைத் தின்னு சர்க்கரை வியாதி வாங்கிக்கிட்டாங்க.’ ராகியில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு, நார்ச்சத்து உண்டு. அதை நான் மறுக்கவில்லை, களி எனக்கும் பிடிக்கும். ஆனால் பசியோடு வேலை செய்த உடம்பைத் திடமான உடம்பு என்று சொல்கிறவர், அந்த உடம்பு எத்தனை வயதில் கூன் விழுந்தது என்றும் சொல்ல வேண்டும்.

சிறுதானியத்துக்குத் திரும்புங்கள் என்று யாரும் எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம். ரேஷனில் அரிசியோடு ராகியும் கொடுக்கட்டும், வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டும். 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசி அளவில் 2 கிலோவுக்குப் பதில் ராகி கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். தேர்வு செய்யும் உரிமை வந்த பிறகு உண்ணும் களிக்கும், வேறு வழியில்லாமல் உண்ட களிக்கும் ருசியே வேறு.

பெயர் மாறியது, கை மாறியது

அரசு ஆவணங்களில் இந்தத் தானியங்களுக்கு நெடுங்காலமாக இருந்த பெயர் ‘கரட்டுத் தானியம்’. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், கரட்டுத் தானியம் 1 ரூபாய் என்று விலை வைத்தார்கள். ஏழைகளிலும் ஏழைக்கான தானியம் என்ற எண்ணம் அந்த ஒற்றை ரூபாயில் இருந்தது.

2018இல் ஒன்றிய அரசு பெயரை மாற்றி ‘சத்துத் தானியம்’ என்றது. 2023ஐ ஐ.நா. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அதன் பெயர் ‘ஸ்ரீ அன்ன’ ஆனது. ஐந்தே ஆண்டுகளில் கரடு, சத்தாகி, பிறகு தெய்வமாகவே ஆகிவிட்டது.

இந்தத் தானியங்களுக்குப் பெயர் இல்லாமல் இருந்ததா? கேவுரு, கேப்பை, கம்பு, சோளம், சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு என்று எங்கள் பெண்கள் வாயில் புழங்கிய பெயர்கள் எத்தனை? ஒடியாவில் மண்டியா, தெலுங்கில் கொர்ரா, மராத்தியில் நாச்சணி. பெயர் வைத்து, விதை காத்து வந்தவர்கள் ஆதிவாசிகளும் தலித்துகளும் சிறு விவசாயிகளும். சமஸ்கிருதப் பெயர் வந்ததும் தானியத்துக்குக் கோயில் பிரசாதத்தின் மரியாதை வந்துவிட்டது. அதை விளைவித்தவருக்கு அந்தக் கோயிலின் கருவறைக்குள் நுழைய இன்னும் வழியில்லை.

பெயரோடு தட்டும் மாறியது. எங்கள் வீட்டில் களிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு இருக்கும், மாட்டுக்கறி இருக்கும், மழைக்காலத்தில் நத்தை இருக்கும். சிறுதானிய உணவுத் திருவிழா எதிலாவது களியோடு மாட்டுக்கறி பரிமாறி நான் பார்த்ததில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. பிரியாணிக்கே அந்த நிலை என்றால், ‘சாத்வீகம்’ என்ற சாயம் பூசி வரும் சிறுதானியத்தின் தட்டில் எங்கள் குழம்புக்கு எங்கே இடம்?

லாபம் எங்கே நிற்கிறது

இனி கணக்கைப் பார்ப்போம். சோளம், கம்பு, ராகி மூன்றுக்கும் ஒன்றிய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. ராகிக்கு 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். எங்கள் மாவட்டத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடியாகக் கொள்முதல் செய்வதால் ராகி விவசாயிக்குக் கொஞ்சம் பிடிப்பு இருக்கிறது. ஆனால் சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு ஒன்றிய அரசின் தனி ஆதரவு விலை இல்லை. ‘ஸ்ரீ’ பட்டம் உண்டு, விலை கிடையாது. களத்துக்கு வரும் வியாபாரி சொல்வதுதான் விலை.

சாமை அப்படியே சமைக்கக் கூடியதும் அல்ல. ராகியைத் தூற்றி நேராக அரைத்துவிடலாம். சாமைக்கும் வரகுக்கும் கெட்டியான உமி உண்டு. அந்த உமியை நீக்கியது நூறாண்டுகளாகப் பெண்களின் தோள். உரல், உலக்கை, திரிகை, முறம். ஒரு வேளைச் சோற்றுக்கு மணிக்கணக்கில் குத்த வேண்டும். சிறுதானியத்தைப் பெண்கள் கைவிட்டதற்கு ருசி காரணமில்லை, தோள்வலி காரணம். அதைச் சொல்லாமல் ‘நவீனம் நம் உணவைக் கெடுத்துவிட்டது’ என்று சொல்லும் ஆண்களிடம் ஒரு உலக்கையைக் கொடுத்தால் போதும்.

இன்று அந்த வேலையை உமி நீக்கும் இயந்திரம் செய்கிறது. யாரிடம் இயந்திரம் இருக்கிறதோ அவரிடம் லாபம் நிற்கிறது. சிறுதானிய அரைப்புக்கு மகாராஷ்டிரத்தின் நாசிக் மில்கள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. நம் மலையடிவாரத்துச் சாமை லாரியேறி அங்கு போய், அரிசியாகி, திரும்ப இங்கேயே வந்து விற்பனையாவதும் உண்டு. வழியில் பலமுறை விலை ஏறுகிறது. ஏறிய விலையில் விதைத்தவருக்குப் பங்கில்லை.

சித்தியின் குழுவுக்குச் சொந்தமாக உமி நீக்கும் இயந்திரம் இல்லை. 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் மில்லுக்கு டெம்போ பிடித்துப் போகிறார்கள். குறு உணவு நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. மீதிக்குக் கைக்காசும் வங்கிக் கடனும் வேண்டும். வங்கியில் முதலில் கேட்பது இயந்திரம் வைக்க இடம் யார் பெயரில் இருக்கிறது என்பது. இடம் இருப்பவர் யார் என்பது ஊருக்கே தெரியும்.

இதில் இன்னொரு வேதனை உண்டு. குழுவின் 11 பேரில் சொந்த நிலம் உள்ளவர்கள் இரண்டே பேர். மற்ற ஒன்பது பேரும் ஆயுள் முழுக்கச் சாமைக் காட்டில் களை பறித்தவர்கள். எந்த மண்ணுக்கு எது விளையும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் முறுக்குக்குத் தேவையான சாமையை அவர்கள் விலைக்குத்தான் வாங்குகிறார்கள், எந்தக் காட்டில் கூலிக்குப் போனார்களோ அதே காட்டுக்காரரிடம்.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். இந்திய அளவில், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதியினர் பயிரிடும் நிலம் மொத்தத்தில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 1892இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர்களுக்கென ஒதுக்கிய சுமார் 12 லட்சம் ஏக்கர், பிறர் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம், இன்று யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டுக் காரணையில் நடந்த போராட்டத்தில்தான் 1994இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். சிறுதானியம் பேசுகிறவர்கள் மண் வளம் பற்றிப் பேசுகிறார்கள். மண் யாருடையது என்று பேசுவதில்லை.

கை தெரியாதவரை

இப்போது மறுபடியும் முகவரிக்கு வருகிறேன்.

2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை மூடவைத்துப் போராடினார்கள். 2023இல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தபோது, கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் தலித் பெண்கள் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். அரிசியும் பருப்பும் அரசுடையவை, பாத்திரம் அரசுடையது. கை மட்டும்தான் பிரச்சினை.

அந்தப் பெற்றோர் வீட்டு அலமாரியில் சிறுதானிய பிஸ்கட் இருக்கக்கூடும். அதன் தானியத்தை விதைத்த கை, களை பறித்த கை, அறுத்த கை, மில்லில் மூட்டை தூக்கிய கை யாருடையவை? பெரும்பாலும் எங்களுடையவை. பாக்கெட் அந்தக் கைகளை மறைத்துவிடுகிறது. மறைந்தால் உண்ணலாம். வணிகம் தீண்டாமையை ஒழிக்கவில்லை. தீண்டாமையைக் கைவிடாமலேயே எங்கள் உழைப்பை உண்ண ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறது. கடைக்காரர் சித்தியிடம் கேட்டதும் இதைத்தான்: முறுக்கு வரட்டும், கை வெளியே தெரிய வேண்டாம்.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர், ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய முடிவு. எங்கள் மாவட்டத்துக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். 2012 நவம்பர் 7 அன்று ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளைச் சூறையாடி எரித்தார்கள். எரிக்க வந்தவர்களுக்கு முகவரி தெளிவாகத் தெரிந்திருந்தது. ‘காலனி’யை எடுத்தாலும் ‘அம்பேத்கர் நகர்’ இருக்கும். அதையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிப்பார்கள். சொல் போய்விடும், வாசிக்கும் கண் மாற வேண்டுமே.

நிலத்தில் தொடங்கியவர்கள்

வணிகமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மூட்டையாக விற்றால் வரும் காசைவிட முறுக்காக விற்றால் கூடுதல் வரும், அந்தக் கூடுதல் எங்கள் பெண்களுக்கு வர வேண்டும். எந்த இடத்தில் தொடங்குவது என்பதே கேள்வி.

தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பிஸ்கட்டில் தொடங்கவில்லை. ஊரூராகச் சங்கம் வைத்தார்கள். தரிசு நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தார்கள், அரசுத் திட்டத்தில் சொந்தமாகவும் பெற்றார்கள். கல்லும் முள்ளுமாகக் கிடந்ததைத் திருத்திச் சோளமும் கொர்ராவும் பருப்பும் கலந்து விதைத்தார்கள். 90களில் தங்களுக்கென்று ஒரு ரேஷன் முறையையே உண்டாக்கினார்கள். தரிசைப் பயிராக்கக் கடன் வாங்கியவர் அதைச் சோளமாகத் திருப்பிக் கட்டுவார். அந்தச் சோளம் அந்த ஊரிலேயே சேமிக்கப்படும். ஊரில் யார் மிக ஏழை என்று ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்து, அவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பார்கள். விதை பெண்கள் கையில் இருந்தது. 2008இல் சொந்தமாக ஒரு சமுதாய வானொலியும் தொடங்கினார்கள். ஜகீராபாத்தில் சிறுதானிய உணவகமும் வைத்தார்கள். 2019இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது அவர்களைத் தேடி வந்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் சங்கம், பிறகு நிலம், விதை, சொந்த வயிறு. அதற்குப் பிறகுதான் கடை. நம் ஊரில் பயிற்சி முகாம்கள் இதைத் தலைகீழாக நடத்துகின்றன. நிலமில்லாத பெண்களைக் கூட்டி, முதல் நாளே பாக்கெட் வடிவமைப்பும் ‘பிராண்டிங்’கும் சொல்லித் தருகிறார்கள்.

ஒடிசாவில் 2017 முதல் நடக்கும் சிறுதானியத் திட்டத்திலும் ஒரு பாடம் உண்டு. அங்கே ஆதிவாசி விவசாயிகளிடம் அரசே ராகி கொள்முதல் செய்தது. கேந்துஜார், சுந்தர்கட் மாவட்டங்களில் அதை ராகி லட்டாக்கி அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். லட்டு பிடித்தவர்கள் மகளிர் குழுவினர். மேல்தட்டு வாடிக்கையாளர் மனம் இரங்கும்வரை காத்திருக்காமல் அரசே முதல் வாடிக்கையாளராக இருந்தது.

நாம் கேட்க வேண்டியவை

தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. ஒன்றிய அரசு அறிவிக்காவிட்டாலும் சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு மாநிலம் ஒரு கொள்முதல் விலை அறிவித்து நேரடியாக வாங்கட்டும். சத்துணவு, காலை உணவு, அங்கன்வாடி, விடுதி ஆகியவற்றுக்கான மாவையும் சத்துருண்டையையும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மகளிர் குழுக்களிடம் ஒரு பங்கு கட்டாயமாக வாங்கட்டும். உமி நீக்கும் இயந்திரத்தை ஊராட்சிப் பொதுச் சொத்தாக வைக்கட்டும், அதுவும் சேரிப் பெண்கள் தயக்கமில்லாமல் வந்து போகும் இடத்தில்.

நிலமற்ற ஆதிதிராவிடப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் மானியம் தரும் ‘நன்னிலம்’ திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் தலித் பெண்ணுக்குத் தன் புஞ்சையை விற்க முன்வரும் நிலவுடைமையாளர் எத்தனை பேர்? தனித்தனியாக வாங்கச் சொல்வதைவிட, பஞ்சமி நிலங்களை மீட்டுச் சங்கங்களிடம் கூட்டாகக் கொடுத்தால் விலைக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இதை வாசிக்கும் இளைய தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சிறுதானியப் பாக்கெட் எதை எடுத்தாலும் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. ‘ராகி பிஸ்கட்’டில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பாமாயில், பிறகுதான் ராகி என்று இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது முன்பக்கத்துப் படத்துக்கு. அதோடு நின்றுவிடாமல் இன்னும் ஒரு வரி கீழே போய் முகவரியையும் பாருங்கள். உங்கள் கல்லூரி விடுதிக்கு, அலுவலக உணவகத்துக்கு, நீங்கள் நடத்தும் படிப்பு வட்டத்தின் தேநீருக்கு யாரிடம் வாங்குகிறீர்கள் என்று யோசியுங்கள். எங்கள் மேல் பரிதாபப்பட்டு வாங்க வேண்டாம். முறுக்கு நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்று சொல்லுங்கள். முகவரியைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

சித்தியின் குழு அன்று இரவு கூடியது. நான்கு பேர் டவுன் முகவரியே போடலாம் என்றார்கள். கடன் தவணை நிற்கிறது, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது, மானத்தைப் பார்த்தால் முடியுமா என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தன் பெயரை மறைத்துத்தான் வாடகைக்கு வீடு பிடிக்க முடிகிறது என்ற நிலையில் எத்தனையோ பேர் நகரத்தில் வாழ்கிறோம். மற்ற ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். குழுவிலேயே மூத்தவர் ஒருவர் சொன்னாராம்: “கூழு வாங்கக் குனிஞ்சாச்சு, முறுக்கு விக்கவும் குனியணுமா?”

500 லேபிள் அச்சடித்தார்கள், முழு முகவரியோடு. கடைக்காரர் 100 எடுத்துக்கொள்ளவில்லை. ‘பார்க்கலாம்’ என்று 20 பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறார். மீதி, வழக்கம்போலத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் விற்கிறது.